வணிகக் கட்டடத்தில் குளிர்சாதனம் பொருத்தும் முன் கவனிக்க வேண்டியவை: ஜவ்வாது மலைச் சூழலில்

கடை, விடுதி, வங்கிக் கிளை, மருந்தகம், சிறு தொழிற்கூடம் போன்ற வணிகக் கட்டடங்களில் குளிர்சாதனம் பொருத்துவது ஒரு பொருளை வாங்குவதோடு முடிவதில்லை. கட்டடத்தின் கூரை, ஜன்னல், மின் இணைப்பு, உள்ளே இருப்போரின் எண்ணிக்கை, பழுது பார்க்க வரும் ஆள் ஆகிய அனைத்தும் அதனோடு தொடர்புடையவை. சமவெளி நகரங்களுக்குப் பழகிப்போன கணக்கை மலைப் பகுதியில் அப்படியே பயன்படுத்தினால் தேவைக்கு மேல் பெரிய இயந்திரமும், தாங்க முடியாத மின் கட்டணமும் வந்து சேரும். ஜவ்வாது மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

மலையின் தட்பவெப்பம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதியில் ஜமுனாமரத்தூர் முக்கிய ஊராகும். திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது.

காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் நகரின் உயரம் 200 மீட்டரை ஒட்டியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இந்தக் கணக்கின்படி, வேலூரைவிடக் காவலூரில் ஏறக்குறைய 3 டிகிரி குறைவாக இருக்கும். இன்னும் உயரமான ஊர்களில் வேறுபாடு மேலும் கூடும்.

பகல் வெப்பத்தில் 3 டிகிரி என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால், மலையில் வெயில் தாழ்ந்ததும் காற்று விரைவாகக் குளிர்கிறது. வேலூரில் மே மாத இரவிலும் மின்விசிறிக் காற்று சூடாகவே வரும். மலையிலோ கோடை இரவிலும் ஜன்னலைத் திறந்தால் கட்டடத்தைக் குளிர்விக்கக்கூடிய காற்று கிடைக்கிறது. ஆகவே, மலைக் கட்டடத்திற்குக் குளிர் தேவைப்படும் காலம் பெரும்பாலும் மார்ச் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான பகல் நேரங்கள்தாம். இயந்திரத்தின் அளவு, விலை, திறன் ஆகிய எல்லா முடிவுகளும் இந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

எதற்குக் குளிர் தேவை?

முதல் கேள்வி, குளிர் யாருக்கு அல்லது எதற்குத் தேவை என்பதே. இதற்கு மலையிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. தொலைநோக்கிக் கூடங்களுக்கு வெப்பம் பெரும் பகை. பகலில் கூடத்தினுள் தேங்கிய சூடான காற்று, இரவில் கூரையின் திறப்பு வழியாக வெளியேறும்போது அலைகிறது. அதனால் விண்மீனின் படிமம் நடுங்குகிறது. எனவே, பகல் வெயில் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதும், மாலையில் கூடத்தைத் திறந்து உள்வெப்பத்தை வெளிக்காற்றுக்குச் சமமாக்குவதும் உலகெங்கும் வானாய்வகங்களின் வழக்கம். மிகுந்த குளிர் தேவைப்படுவது ஒளியைப் பதிவு செய்யும் கருவிக்கு மட்டுமே. வானியல் கேமராக்களின் அந்தச் சிறு பகுதி திரவ நைட்ரஜன் போன்றவற்றால் தனியே குளிர்விக்கப்படுகிறது. கூடம் முழுவதையும் அந்த அளவுக்குக் குளிர்விக்க யாரும் முயல்வதில்லை.

வணிகக் கட்டடத்திற்கும் இதே முறை பொருந்தும். மலையில் காணப்படும் சில தேவைகளைப் பார்க்கலாம்.

மருந்தகம்: பல மருந்துகளின் உறையில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் வைக்குமாறு அச்சிடப்பட்டிருக்கும். கோடைப் பகலில் இதற்குக் குளிர்சாதனம் உதவும். இன்சுலின், தடுப்பூசி ஆகியவற்றை 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டும். அது குளிர்பதனப் பெட்டியின் வேலை. அறையின் குளிர்சாதனம் அதைச் செய்யாது.

சாமை, தினை போன்ற சிறுதானியங்கள்: இவற்றுக்கு முதல் எதிரி ஈரம். உமி நீக்கிய அரிசியில் உள்ள கொழுப்பு, வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் காறல் வாடை அடையும். நன்கு காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, தரையிலிருந்து உயர்த்திய பலகையில் அடுக்குவதே முதல் பாதுகாப்பு.

தேன்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடி இறுக்கமாக இருந்தால் போதும், குளிர் தேவையில்லை. 14 டிகிரியை ஒட்டிய குளிரில் தேன் மிக விரைவாக உறையும் என்பதால், கடுங்குளிர் அதற்குத் தொல்லையே.

பழம், காய்கறி: பொதுவான ஏசி இயந்திரங்களில் 16 டிகிரிக்குக் கீழே வைக்க வழியில்லை. பல காய்கறிகளுக்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலையும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். அதற்குத் தனியான குளிர்பதனக் கிடங்கே வழி.

விடுதி: கோடை விழா நாட்களிலும் மே மாத விடுமுறையிலும் வரும் விருந்தினர் ஏசி அறை கேட்கலாம். பத்து அறை உள்ள விடுதியில் இரண்டு அறைகளில் மட்டும் இயந்திரம் வைத்து, மற்றவற்றில் சுவருக்குள் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வழி விட்டு வைப்பது, கடன் சுமையைக் குறைக்கும். தேவை கூடினால் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

வெப்பம் நுழையும் வழிகள்

ஓர் அறையைக் குளிர்விப்பது என்பது அதற்குள் வரும் வெப்பத்தை வெளியே எடுத்துப் போடும் வேலை. வரும் வெப்பத்தைக் குறைத்தால் எடுத்துப் போடும் வேலையும் குறையும். ஜவ்வாது மலையின் பழைய மண் சுவர், புல் கூரை வீடுகள் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. இன்றைய கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் அதற்கு நேர் மாறானவை. தகரம் சில நிமிடங்களில் சூடேறும். கான்கிரீட் மெதுவாகச் சூடேறி, மாலை ஆறு மணிக்குப் பிறகும் அறைக்குள் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 20 அடி நீளம், 15 அடி அகலம் கொண்ட ஒற்றை மாடிக் கடை. மேற்கில் நிழலில்லாத 4 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னல். உள்ளே பத்துப் பேர். கோடைப் பிற்பகலில் இந்த அறைக்குள் சேரும் வெப்பம் தோராயமாகப் பின்வருமாறு அமையும்.

கான்கிரீட் கூரை வழியாக – 1,700 வாட்
மேற்கு ஜன்னல் வழியாக – 1,800 வாட்
சுவர்கள் வழியாக – 500 வாட்
பத்துப் பேரின் உடல் வெப்பம் – 1,200 வாட்
விளக்கு, கணினி, பில் இயந்திரம் – 400 வாட்
உள்ளே வரும் வெளிக்காற்று – 800 வாட்
மொத்தம் – 6,400 வாட்

ஏசி இயந்திரத்தின் அளவைக் குறிக்கும் 'டன்' அதன் எடையைக் குறிப்பதன்று. 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தின் பெயரே ஒரு டன். அது 3,517 வாட்டுக்குச் சமம். எனவே, மேற்கண்ட கடைக்கு 1.8 டன் தேவை. கடைக்காரர் 2 டன் இயந்திரம் வாங்குவார்.

இப்போது கூரையின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசி, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஓலைத் தட்டியோ சாய்ப்போ அமைத்ததாகக் கொள்வோம். கூரை வெப்பம் 700 வாட்டாகவும், ஜன்னல் வெப்பம் 500 வாட்டாகவும் குறையலாம். மொத்தம் 4,100 வாட், அதாவது 1.2 டன். 1.5 டன் இயந்திரமே போதும். மின்சாரம் தடைப்பட்ட நேரத்திலும் கடை உட்காரத்தக்கதாக இருக்கும் என்பது கூடுதல் நன்மை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறையும் இதே பயனைத் தரும்; மழைக் கசிவையும் தடுக்கும். தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே கட்டுவது முக்கியம். உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தை மறைக்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

இரவுக் காற்றும் மின்விசிறியும்

மலை தரும் குளிர்ந்த இரவுக் காற்றைப் பயன்படுத்தும் வழியை அடுத்துப் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாகக் காற்றுத் திறப்புகள் அமைத்து, கம்பியும் கொசுவலையும் பொருத்தினால், கடை பூட்டியிருக்கும் இரவிலும் காற்று ஓடும். உயரத் திறப்பில் ஒரு வெளியேற்றும் விசிறி வைத்தால் சுவரும் தளமும் விடிவதற்குள் குளிர்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் அவற்றை மூடி வைத்தால், அந்தக் குளிர்ச்சி சில மணி நேரம் நிற்கும்.

கூரை விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. உடல் வியர்வையை உலரச் செய்வதால், வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். பழைய வகை விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. வகை 30 வாட்டை ஒட்டி எடுக்கும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர், காற்று உலர்ந்திருக்கும் கோடைப் பகலில் ஜன்னல் திறந்த அறையில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் பயனில்லை. அது காற்றில் ஈரத்தைச் சேர்ப்பதால், தானியமும் மருந்தும் வைக்கும் அறைக்கு ஒவ்வாது.

இவற்றைச் செய்து ஒரு கோடையைக் கடந்த பிறகும் அறை தாங்கவில்லை என்றால், குளிர்சாதனம் தேவை என்று உறுதியாக முடிவு செய்யலாம்.

ஈரப்பதமும் இயந்திரத்தின் அளவும்

நவீனக் குளிர்சாதனம் மனிதர்களின் சுகத்துக்காகத் தொடங்கியதன்று. 1902ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்பே இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இன்றும் ஈரத்தை வடித்து வெளியேற்றுவது குளிர்சாதனத்தின் பாதி வேலை.

தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் போதாது. விளைவாக, அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். சுவரில் பூஞ்சை படரும். மழைக்காலத்தில் பல நாட்கள் மூடுபனி சூழும் மலை ஊர்களில் இந்தத் தொல்லை கூடுதல். 'பெரிதாக வாங்கி வைத்தால் நல்லது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை இதில் ஓரளவு மேலானது.

உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. காவலூர் உயரத்தில் இது கடல் மட்டத்தைவிடச் சுமார் 7 சதவீதம் குறையும். இதனால் விசிறி தள்ளும் காற்றின் நிறை குறைந்து, இயந்திரத்தின் திறன் சற்றுத் தாழும். வெளிக்காற்று குளிர்ந்திருப்பது இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். எனவே, உயரத்தைக் காரணம் காட்டி ஒரு படி பெரிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை.

நட்சத்திரக் குறியும் உண்மையான சேமிப்பும்

ஏசி இயந்திரத்தில் ஒட்டப்படும் நட்சத்திரக் குறியை ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வரையறுக்கிறது. நட்சத்திர அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கடுமையாக்கப்படும். பழைய ஆண்டின் 5 நட்சத்திரமும் புதிய ஆண்டின் 5 நட்சத்திரமும் சமமல்ல. எனவே ஒட்டியுள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும்.

அந்த ஒட்டியில் உள்ள ஆண்டு மின்செலவு, இயந்திரம் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. மலைக் கடையில் 90 நாட்கள், நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் மொத்தம் 450 மணி நேரமே ஆகும். 3 நட்சத்திர இயந்திரத்தைவிட 5 நட்சத்திர இயந்திரம் ஒட்டியின்படி 200 யூனிட் சேமிப்பதாகவும், விலை 8,000 ரூபாய் கூடுதல் என்றும், யூனிட் 10 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். சமவெளிக் கடைக்கு ஆண்டுச் சேமிப்பு 2,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் விலை திரும்பிவிடும். மலைக் கடைக்குச் சேமிப்பு சுமார் 56 யூனிட், அதாவது 560 ரூபாய். விலை திரும்ப 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தப் பணத்தை முதலில் கூரைக்கும் நிழலுக்கும் செலவிடுவதே ஆதாயம். ஆண்டு முழுவதும் நாள்தோறும் இயந்திரம் ஓடும் அறைக்கு மட்டும் உயர்ந்த நட்சத்திரம் பயன் தரும்.

2020 ஜனவரி 1 முதல் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டு வர வேண்டும் என்பது விதி. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று பணியகம் கூறுகிறது. 26 டிகிரியில் வைத்து விசிறியையும் ஓட்டுவது பெரும்பாலான கடைகளுக்குப் போதும்.

மின் இணைப்பு

மலை ஊர்களுக்கு வரும் மின்கம்பிகள் காட்டின் வழியே நெடுந்தூரம் வருபவை. மரக்கிளை விழுவதும் இடி இடிப்பதும் மின்தடைக்குக் காரணமாகும். கம்பித் தொடரின் கடைக்கோடியில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழ்வதும் உண்டு. தாழ்ந்த மின்னழுத்தத்தில் கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, நாளடைவில் கருகிவிடும். இயந்திரம் வாங்கும் முன் ஒரு மின்பணியாளரைக் கொண்டு காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும், சில நாட்கள், மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். இயந்திரம் தாங்கும் அளவு அதன் விவரத்தாளில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஸ்டெபிலைசர் தேவையா என்பது தெரியும்.

1.5 டன் இயந்திரம் முழு வேகத்தில் ஏறக்குறைய 1.5 கிலோவாட் எடுக்கும். இதற்கு மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., சரியான எர்த் ஆகியவை அவசியம். கடைக்கு ஒப்புதல் பெற்ற மின்பளு போதாவிட்டால், மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மின்பளு கூடினால் மாதந்தோறும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணமும் கூடும். இயந்திரம் ஓடாத மாதங்களிலும் அது உண்டு. வீட்டின் ஒரு பகுதியைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றியிருந்தால், அதற்கு வணிகப் பிரிவு இணைப்பு பெற்றிருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தின் மின்னோட்டத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். வேகம் மாறாத பழைய வகை, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கைக் கிளம்பும்போது இழுக்கும். இன்வெர்ட்டர் வகை மெதுவாகக் கிளம்புவதால் சிறிய ஜெனரேட்டரே தாங்கும்.

நல்ல காற்று

ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றைக் கொண்டு வருவதில்லை. அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக் குளிர்விக்கிறது. கதவும் ஜன்னலும் மூடிய அறையில் பலர் நெடுநேரம் இருந்தால் கரியமில வாயு கூடி, தலைவலியும் அயர்ச்சியும் வரும். இருமல், சளியோடு வருபவர்கள் காத்திருக்கும் மருத்துவக் கூடத்தில் ஆபத்து இன்னும் பெரிது. காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுவது. அடைத்த அறையில் அது பல மணி நேரம் மிதந்து நிற்கும். எனவே, நோயாளிகள் காத்திருக்கும் இடத்தைத் திறந்த ஜன்னல்களோடு விட்டு, மருந்து வைக்கும் அறைக்கு மட்டும் குளிர்சாதனம் வைப்பது அறிவுடைமை. மற்றக் கடைகளிலும் ஒரு சிறு வெளியேற்றும் விசிறியும், புதிய காற்று நுழைய ஒரு திறப்பும் வேண்டும். ஜெனரேட்டர் புகை அந்தத் திறப்பின் பக்கம் வராமல் தொலைவில் இருக்க வேண்டும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

வெளிப்புற அலகு காற்றோட்டமுள்ள, நிழலான, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் அடைத்து வைத்தால், அது விட்ட வெப்பத்தையே அது மீண்டும் உறிஞ்சும். குரங்குகள் நடமாடும் ஊர்களில் குழாயின் மேல் சுற்றிய நுரை உறையைக் குரங்குகள் பிய்த்துவிடக்கூடும் என்பதால், குழாயைத் தகர மூடியாலோ கெட்டியான பிளாஸ்டிக் குழாயாலோ மறைக்க வேண்டும். பல்லி, எறும்பு உள்ளே புகுந்து மின்சுற்றுப் பலகையைக் கெடுக்காதபடி திறப்புகளை அடைக்க வேண்டும்.

செப்புக் குழாயை இணைத்ததும் வேக்கம் பம்பு கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சிய பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். நேரம் மிச்சப்படுத்த இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. குழாயில் தங்கிய ஈரம் கம்ப்ரசரை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஆர்-32 வாயு குறைந்த அளவில் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 அதைவிட எளிதில் தீப்பற்றும். இவற்றுக்குக் குறைந்தபட்ச அறைப் பரப்பு எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அதற்கும் சிறிய அறையில் பொருத்தக் கூடாது.

மலைக்கு மெக்கானிக் வருவது போளூர், திருப்பத்தூர் அல்லது வேலூரிலிருந்துதான் என்றால், ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பயணச் செலவும் காத்திருப்பும் உண்டு. எனவே வடிகட்டியைக் கழற்றிக் கழுவுதல், நீர் வடியும் குழாயில் அடைப்பு நீக்குதல், மின்தடைக்குப் பிறகு மூன்று நிமிடம் பொறுத்து இயக்குதல் ஆகியவற்றைக் கடையில் வேலை செய்யும் ஒருவரேனும் கற்றிருக்க வேண்டும்.

சட்ட விதிகள்

பெரிய வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு உண்டு. 2007இல் வெளியாகி 2017இல் திருத்தப்பட்ட இத்தொகுப்பு, 100 கிலோவாட் மின்பளு அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களை நோக்கி எழுதப்பட்டது. சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றின் வழியே வெப்பம் புகுவதைக் கட்டுப்படுத்துவதும் அதில் முக்கிய இடம் பெறுகிறது. ஜமுனாமரத்தூரின் சிறு கடைகள் இந்த அளவை எட்டுவதில்லை. ஆனாலும் அந்த ஒழுங்கு அவற்றுக்கும் பொருத்தமானது.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

விலைப்பட்டியல் கேட்கும்போது பின்வருவனவற்றை எழுத்தில் பெறுவது நல்லது.

1. அறையை நேரில் வந்து அளந்து, கூரை, ஜன்னல், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு போட்ட வெப்பக் கணக்கு.
2. இயந்திரம் தாங்கும் குறைந்த, கூடிய மின்னழுத்தம்.
3. செப்புக் குழாய், தாங்கி, ஸ்டெபிலைசர், தனிக் கம்பி ஆகியவற்றின் விலை தனித்தனியே.
4. வேக்கம் செய்து தருவதற்கான உறுதி, வாயுவின் வகை.
5. மலைக்கு வந்து பழுது பார்க்கும் மையம் எது, எத்தனை நாளில் வருவார்கள், பயணச் செலவு யாருடையது.
6. உத்தரவாதத்தில் கம்ப்ரசர், மின்சுற்றுப் பலகை இரண்டும் அடங்குமா.

முதல் கேள்விக்கு, அறையைப் பாராமலே சதுர அடியை மட்டும் கேட்டு டன் அளவைச் சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் தர வேண்டியதில்லை.